ஓடக்கரைப் பாட்டும் டைம்கீப்பர் ஆதிமூலமும்

செஞ்சி பஸ் நிலையத்துக்கு மைக் வேண்டும் என்று அந்தக் காலத்தில் யாரும் கேட்டதில்லை. ஆதிமூலம் இருந்தான். "திண்டிவனம், பாண்டி ஏறு! அவலூர்பேட்டை அடுத்தாப்ல!" என்று அவன் ஒரு குரல் கொடுத்தால் போதும், காய்கறிக் கடையில் கத்தரிக்காய்க்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தவர்கள் காயை அப்படியே போட்டுவிட்டு ஓடிவருவார்கள். ராஜகிரிக் கோட்டை மலை உச்சியில் நிற்பவனுக்கே அவன் குரல் கேட்கும் என்று சோடாக்கடை கரீம் பாய் சொல்வது கொஞ்சம் அதிகம்தான். பாதி மலை வரைக்கும் கேட்கும் என்று வைத்துக்கொள்ளலாம்.

அவனுக்கு உத்தியோகம் தனியார் பஸ் கம்பெனியில் டைம்கீப்பர். பகலில் பஸ்ஸுக்குக் கூவிய தொண்டை சாயங்காலம் ஆனால் தமிழுக்குக் கூவும். அறுபதுகளில் நம் பக்கத்தில் மேடை இல்லாத விசேஷம் ஏது? கல்யாணத்துக்கு மேடை, காதுகுத்துக்கு மேடை, சலூன் திறப்பதற்குக்கூட இரண்டு பெஞ்சை ஒட்டிப்போட்டு ஒரு மேடை. அந்த மேடைகளில் பாதிக்கு மேல் ஆதிமூலம் நின்றிருக்கிறான். கூப்பிட்டால் போவான். கூப்பிடாவிட்டால் கூப்பிடுகிற மாதிரி அந்தப் பக்கமாக இரண்டு தடவை நடப்பான். பேச்சு என்றால் அவனுக்கு அவ்வளவு பைத்தியம். அந்தப் பைத்தியம்தான் கடைசியில் அவனைச் சொந்த வீட்டில் தலைகுனிந்து உட்கார வைத்தது.

மேடையில் அவனுடைய சொத்து ஓடக்கரைப் பாட்டு. நம் பக்கத்தில் ஐந்தாம் வகுப்புக்கு மேல் போனவர்கள் எல்லாருக்கும் அது மனப்பாடம். வெள்ளம் வருகிறது. ஊரே ஓடத்தில் ஏறி அக்கரைக்குப் போகிறது. கடைசி ஓடத்தில் ஒரே ஓர் இடம்தான் மிச்சம். கரையில் நிற்கிற பெண்ணை ஓடக்காரன் கூப்பிடுகிறான். அவள் ஓடத்தைப் பார்க்கிறாள், திரும்பித் தன் வீட்டைப் பார்க்கிறாள், நீ போய்விடு என்று கையைக் காட்டுகிறாள். அப்புறம் அந்தக் கடைசி இரண்டு அடி:

ஓடம் நகர்ந்தது, ஒருத்தி நின்றாள்.
நின்றவள் நீரைப் பார்த்துச் சிரித்தாள்.

அவ்வளவுதான் பாட்டு. வீட்டில் யார் இருந்தார்கள், ஏன் அவள் ஏறவில்லை, எதற்காகச் சிரித்தாள், ஒன்றும் சொல்லாமல் கவிஞர் கையைக் கழுவிக்கொண்டார். சொல்லாமல் விட்டதையெல்லாம் ஆதிமூலம் சொன்னான். "அது நிறைவின் சிரிப்பு! தன் வாழ்வைத் தானே தேர்ந்தெடுத்தவளின் சிரிப்பு! போன ஓடத்துக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டாளா? இல்லை, இல்லவே இல்லை!" என்று குரலை ஏற்றி, சட்டென்று இறக்கி, "அப்படிப்பட்டவர்கள் நம் வீடுகளிலும் இருக்கிறார்கள்" என்று முடிப்பான். பெண்கள் பக்கத்தில் முந்தானை கண்ணுக்குப் போகும். கல்யாண வீட்டில் அவனுக்கு இரண்டாம் தடவை பாயசம் வரும்.

'நம் வீடுகளிலும்' என்று அவன் சொல்லும்போது மனசில் இருந்தவள் அவனுடைய அக்கா கமலாம்பாள். அம்மாவும் நைனாவும் செத்துப்போனபோது ஆதிமூலத்துக்குப் பள்ளிக்கூடம் முடியவில்லை. அக்காவுக்கு அப்போது ஒரு நல்ல இடம் வந்தது. மாப்பிள்ளை பெயர் சுந்தரமூர்த்தி, பாண்டிச்சேரி ஆலையில் பிட்டர், நல்ல மாதிரி. வெற்றிலை பாக்கு மாற்றுகிற வரைக்கும் போன சம்பந்தம். தம்பியைக் கூட வைத்துக்கொள்ள மாப்பிள்ளை வீட்டில் இஷ்டமில்லை என்று தெரிந்ததும் கமலாம்பாள் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். மல்லாட்டை மில்லில் வேர்க்கடலைப் பருப்பு பொறுக்கப் போனாள். தம்பியைப் படிக்க வைத்தாள், அஞ்சலையைக் கட்டிவைத்தாள். இப்போது தம்பி மகளுக்குத் தலை வாரிவிட்டு, அதே மில்லுக்குப் போய்க்கொண்டிருக்கிறாள்.

ஊர் அவளை மெச்சியது. ஆதிமூலமும் மெச்சினான். ஆனால் அவனுக்கு மட்டும் தெரிந்த விஷயம் ஒன்று இருந்தது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் கண்டக்டர் ராஜாங்கம் பேச்சுவாக்கில் அதைச் சொன்னார். "உங்க அக்கா முன்ன ஒரு நாளு நம்ம வண்டியில வந்தாங்கப்பா. பாண்டிக்கு டிக்கெட் எடுத்தாங்க. நல்ல பட்டுப் பொடவை கட்டியிருந்தாங்க. இன்னா ஆச்சோ தெரியல, திண்டிவனத்துலயே எறங்கிட்டாங்க. கண்ணெல்லாம் செவந்து இருந்துச்சி. சாயங்காலம் அதே வண்டியில திரும்பி வந்தாங்க." அது எந்த நாள் என்று ஆதிமூலத்துக்கு உடனே தெரிந்துவிட்டது. மேல்மலையனூருக்கு அங்காளம்மனைப் பார்க்கப் போகிறேன் என்று அக்கா சொல்லிவிட்டுப் போன நாள். மலையனூர் ஒரு திசை, பாண்டி ஒரு திசை. பாண்டியில் அவளுக்கு யார் இருக்கிறார்கள்? சுந்தரமூர்த்தியைத் தவிர யாருமில்லை.

ராஜாங்கம் சொன்னதை அவன் அக்காவிடம் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று பயமாக இருந்தது. அவள் வருத்தப்பட்டுக்கொண்டிருக்கிறாள் என்றால் அந்த வருத்தத்துக்குக் காரணம் அவன்தான். அதைவிடப் பாட்டில் இருப்பவள் நிறைவாகச் சிரித்தாள் என்று ஊரூராகப் போய்ச் சொல்வது சுலபமாக இருந்தது. கைதட்டலும் கிடைத்தது. பத்து வருஷம் இப்படியே ஓடிவிட்டது.

அறுபத்தாறாம் வருஷம் கிளை நூலக வாசகர் வட்டத்தின் ஆண்டு விழாவில் வழக்காடு மன்றம் வைத்தார்கள். தலைப்பு வேறென்ன, 'ஓடக்கரையில் நின்றவள் சிரித்தது நிறைவாலா, கசப்பாலா?' ஒரு பக்கம் ஆதிமூலம், எதிர்ப்பக்கம் கரீம் பாய். கரீம் பாயும் லேசுப்பட்ட ஆள் இல்லை. கோலி சோடா உடைத்துக் கொடுத்துக்கொண்டே கதை சொல்லி ஆளை நிறுத்தி வைக்கிறவர். அந்த மன்றத்துக்கு ஒரு சட்டம் உண்டு. வழக்காடுகிறவர் இரண்டு பேரும் சொந்த ஊரிலிருந்து ஒரு வாழ்க்கையைச் சாட்சியாகக் கொண்டுவர வேண்டும். பெயர் சொல்லக் கூடாது, ஆனால் கதை உண்மையாக இருக்க வேண்டும். யார் எந்தப் பக்கம் என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்வார்கள்.

நூலகர் அரிகிருஷ்ணன் ஒரு சொம்பில் சீட்டுப் போட்டுக் குலுக்கினார். ஆதிமூலத்துக்குக் கசப்பு வந்தது. பத்து வருஷமாக நிறைவு, நிறைவு என்று கத்தியவன் முகத்தில் ஈயாடவில்லை.

கரீம் பாய் பார்த்துவிட்டார். "டைம்கீப்பர், நீங்க இத்தினி நாளா பேசுனது நம்ம கைக்கு வந்துடுச்சி. வேணும்னா மாத்திக்கலாம். நமக்கு ஒண்ணும் இல்ல."

அங்கே 'சரி பாய்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் சுற்றி நான்கு பேர் நின்றிருந்தார்கள். "எந்தப் பக்கம் குடுத்தாலும் ஜெயிக்கிறவன்தான் பாய் பேச்சாளன். அப்படியே இருக்கட்டும்" என்றான் ஆதிமூலம். சொன்ன கையோடு அவனுக்கே பயமாகிவிட்டது. அதை மறைக்கச் சத்தமாகச் சிரித்தும் வைத்தான்.

விழா நாள் சாயங்காலம் பள்ளிக்கூட மைதானத்தில் நல்ல கூட்டம். நடுவர் திண்டிவனத்திலிருந்து வந்த தமிழாசிரியர். ஒரு பக்கம் ஆண்கள் பெஞ்சு, மறுபக்கம் பெண்களுக்கு ஜமக்காளம். முதலில் பேசிய கரீம் பாய் தன் மாமாவைச் சாட்சிக்கு அழைத்தார். பினாங்குக்குக் கப்பலேற எல்லாம் தயாராக இருந்தவர், நாகப்பட்டினம் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்து, செஞ்சியில் சோடாக்கடை போட்டு, சாகும்வரைக்கும் தன் கடைச் சோடாவைத் தானே குடித்துப் பாராட்டிக்கொண்டிருந்த கதை. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நடுவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நிறைவு என்றால் இதுதானய்யா என்று ஆண்கள் பக்கத்தில் ஒருவர் எழுந்து நின்றே சொல்லிவிட்டார்.

ஆதிமூலம் பேச எழுந்தான். தயார் செய்து வைத்திருந்த சாட்சி ஒரு நொண்டிச் சாக்கு. பட்டாளத்துக்குப் போகாமல் ஊரிலேயே தங்கிப் புலம்பிய ஒருவரின் கதை. பாதியிலேயே கூட்டத்தில் இருமல் கிளம்பியது. வேர்க்கடலைக்காரரிடம் சிலர் பொட்டலம் வாங்க ஆரம்பித்தார்கள். மேடையில் நிற்கிறவனுக்கு அதைவிட அவமானம் வேறில்லை. தோற்கப்போகிறோம் என்று அவனுக்குத் தெரிந்தது. அந்த நிமிஷத்தில் அவன் நாக்கு எதையாவது பிடித்துக்கொள்ளத் தேடியது. பத்து வருஷமாகத் தொண்டைக்குள் கிடந்த அந்த விஷயம் சிக்கியது.

"நடுவர் அவர்களே! ஆணைச் சாட்சிக்கு அழைத்தால் வழக்கு தீராது. பாட்டில் நின்றவள் ஒரு பெண்! நானும் ஒரு பெண்ணையே அழைக்கிறேன். இதே செஞ்சியிலே, தாயில்லாத் தம்பிக்காக, வந்த மாப்பிள்ளையை வேண்டாம் என்றாள் ஒருத்தி. ஊர் மெச்சியது. நிறைவாகச் சிரிக்கிறாள் என்றது. ஆனால் ஒரு நாள், கோயிலுக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, பட்டுப் புடவை கட்டிக்கொண்டு, பாண்டிக்கு டிக்கெட் வாங்கி பஸ் ஏறினாள்!"

கூட்டம் கப்சிப் என்று ஆனது. கடலைப் பொட்டலம் பிரிக்கிற சத்தம்கூட இல்லை.

அப்போதுதான் அவன் பெண்கள் பக்கம் பார்த்தான். முன்வரிசையில் அஞ்சலை உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் அவன் மகளை மடியில் வைத்துக்கொண்டு அக்கா. அக்கா அவனுடைய கூட்டங்களுக்கு வருகிறவள் இல்லை. மில்லில் சீக்கிரம் விட்டுவிட்டார்கள் என்று அன்றைக்கு அஞ்சலை இழுத்துவந்திருந்தாள். அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பார்த்தபிறகாவது நிறுத்தியிருக்கலாம். தண்ணீர் குடிக்கிற சாக்கில் கதையை வேறு பக்கம் திருப்பியிருக்கலாம். பேச்சைத் திருப்புவது அவனுக்குத் தெரியாத வித்தையா? ஆனால் கூட்டம் அவன் கைக்குள் வந்துவிட்டது. வந்த கூட்டத்தை விட அவனுக்கு மனசில்லை. அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் மீதியையும் சொன்னான்.

"யாரைத் தேடிப் போனாள்? போன ஓடத்தைத் துரத்திப் போனாள், நடுவர் அவர்களே! திண்டிவனம் வரைக்கும் துரத்தினாள்! அங்கே இறங்கி அழுதாள், திரும்பி வந்தாள், மறுநாள் ஒன்றும் நடக்காதது போல வேலைக்குப் போனாள்! இது நிறைவா? சொல்லுங்கள், இது நிறைவா?"

மைதானம் அதிர்ந்தது. நடுவர் மணியை அடித்து அடக்கப் பார்த்தும் கைதட்டல் நிற்கவில்லை. கமலாம்பாள் குனிந்து குழந்தையின் ரிப்பனை அவிழ்த்து, மறுபடி கட்டினாள். எழுந்து போகவில்லை. பாதியில் எழுந்து போனால் அது யார் என்று தெரியாதவர்களுக்கும் தெரிந்துவிடும் அல்லவா? தீர்ப்புச் சொல்லி, நன்றியுரை சொல்லி, கூட்டம் கலைகிற வரைக்கும் அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

தீர்ப்பு ஆதிமூலத்துக்கு. தோளில் கதர்த் துண்டு போர்த்தினார்கள். மேடையை விட்டு இறங்கும்போது கரீம் பாய் கையைப் பிடித்தார். "ஜெயிச்சிட்டீங்க டைம்கீப்பர்" என்றார். பிடித்த கையை விடவில்லை. "அக்காவும் வந்திருந்தாங்க போல" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்தத் துண்டை எங்கே வைத்துக்கொள்வது என்று ஆதிமூலத்துக்குத் தெரியவில்லை. சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

வீட்டில் சண்டை வரும் என்று நினைத்தான். வந்திருந்தால் பிழைத்திருப்பான். மறுநாள் காலையில் அக்கா வழக்கம்போல, "சாப்டியா?" என்று கேட்டாள். வழக்கம்போல மில்லுக்குக் கிளம்பினாள். ஆனால் பஸ் நிலையத்து வழியாகப் போகவில்லை. ஊரைச் சுற்றிக்கொண்டு சந்து வழியாகப் போனாள். அவளுக்கு அது சுற்று வழி, வெயிலும் அதிகம். தன் முகத்தில் விழிக்கக் கூடாது என்று போகிறாளா, ஊர் முகத்தில் விழிக்கக் கூடாது என்று போகிறாளா என்று ஆதிமூலத்துக்குப் புரியவில்லை. இரண்டில் எதுவானாலும் அவன் செய்த வேலைதான்.

பஸ் நிலையத்தில் அவனுக்கு ராஜ மரியாதை. "இன்னா பேச்சு சார்! அந்தப் பொம்பளை யாரு சார்?" என்று வெளியூர்க்காரர்கள் கேட்டார்கள். யாரென்று தெரிந்த உள்ளூர்க்காரர்கள் கேட்கவில்லை, அவன் வந்தால் பேச்சை மாற்றினார்கள். ராஜாங்கம் ஒரு தடவை அவன் எதிரே வந்து நின்று, டிக்கெட் பையைத் தட்டிவிட்டு வண்டியில் ஏறிவிட்டார். "திண்டிவனம், பாண்டி ஏறு!" என்று கூவ வாயைத் திறந்தால் ஆதிமூலம் திண்டிவனத்தோடு நிறுத்திவிடுவான். முகம் அறியாத பயணிகள் முன்னாலேயே கூசிற்று.

மில்லில் நடந்ததை அஞ்சலை வந்து சொன்னாள். "அண்ணியை எல்லாரும் பாவம் பாவம்னு சொல்றாங்களாம். காத்து வர்ற இடத்துல உக்காருன்னு எடம் குடுக்குறாங்களாம். எவளோ ஒருத்தி, அந்த ஆளு இன்னும் பாண்டியிலதான் இருக்குறாரான்னு மூஞ்சிக்கு நேரா கேட்டாளாம். நீங்க இன்னாதான் நெனச்சிக்கிட்டுப் பேசுனீங்க?"

"யோசிக்காம பேசிட்டேன்."

"யோசிக்காமலா? மூஞ்சியைப் பாத்துக்கிட்டே பேசுனீங்க. நான் பக்கத்துலதான் இருந்தேன்."

ஆதிமூலம் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். வேறென்ன செய்வான்? இத்தனை வருஷமாக அந்த ஊரில் நிமிர்ந்து நடந்தவளை அவன் ஒரே சாயங்காலத்தில் பாவப்பட்டவளாக்கிவிட்டான். ஏசியிருந்தால் அவள் திருப்பி ஏசியிருப்பாள். பாவம் என்கிறவர்களை என்ன செய்வது? அதை நினைக்க நினைக்கத் தன்னையே நாலு அறை அறையலாம் போலிருந்தது.

இந்த நிலைமையில் அவலூர்பேட்டையிலிருந்து இரண்டு வியாபாரிகள் வந்தார்கள். அவர்கள் ஊர் விழாவுக்கும் அதே வழக்காடு மன்றம் வேண்டுமாம். "வேற எதைப் பேசுனாலும் பேசுங்க. அந்தத் திண்டிவனத்துல எறங்குன பொம்பளை கதையை மட்டும் விட்டுடாதீங்க. அதைக் கேக்கத்தான் சனம் வரும்" என்றார்கள். கதை அவனுக்கு முன்னாலேயே பஸ் ஏறி ஊர் ஊராகப் போயிருந்தது. சொல்லி அனுப்புகிறேன் என்று ஆதிமூலம் அவர்களை பஸ் ஏற்றிவிட்டான்.

அப்புறம் ஒரு யோசனை வந்தது. அதே மேடையில் ஏறி மாற்றிப் பேசிவிட்டால்? நான் சொன்னது தப்பு, அவள் நிறைவாகத்தான் சிரித்தாள் என்று நானே அறிவித்துவிட்டால்? ஒரு மேடையில் போன மானத்தை இன்னொரு மேடையில் மீட்டுக்கொடுத்துவிடலாம். அவனுக்குத் தெரிந்த மருந்து அது ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா கூடத்தில் உட்கார்ந்து ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஆதிமூலம் எதிரே போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். விழாவுக்குப் பிறகு அவள் எதிரே அவன் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"அக்கா. நான் பண்ணது பெரிய தப்பு."

"ம்."

"அவலூர்பேட்டையில கூப்புட்டுருக்காங்க. அங்க மாத்திப் பேசிடறேன். நீ ஒண்ணும் வருத்தப்படல, நெறைவாத்தான் இருக்கறன்னு சொல்லிடறேன். ஊர் வாயை மூடிடலாம்."

கமலாம்பாள் முறத்திலிருந்து நிமிர்ந்தாள். "மறுபடியும் என்னையா மேடையில ஏத்தப் போற?"

"நல்லவிதமாக்கா..."

"நல்லவிதமா இன்னா சொல்லுவ? நான் நெறைவா இருக்கறேன்னு உனக்கு எப்படித் தெரியும்? கசப்பா இருக்கறேன்னு அன்னைக்கு எப்படித் தெரிஞ்சிது?"

"பாண்டிக்குப் போனியேக்கா. ராஜாங்கம் சொன்னாரு."

"போனேன். எதுக்குப் போனேன்?"

சுந்தரமூர்த்தி என்ற பெயரை அவள் முகத்துக்கு நேராகச் சொல்ல அவனால் முடியவில்லை. பெயர் இல்லாமல் அந்தக் கதையை ஆயிரம் பேர் முன்னால் சொல்ல மட்டும் முடிந்தது.

"நீ பரீட்சையில பெயிலாயிட்டு ஊர் சுத்திக்கிட்டு இருந்த வருஷம் அது" என்றாள் கமலாம்பாள். "அந்த ஆளைப் பாத்து, ஆலையில உனக்கு ஒரு வேலை வாங்கித் தரச் சொல்லிக் கேக்கலாம்னு போனேன். வேலை கெடைக்கலன்னா உன் மூஞ்சி சுருங்கிடும்னு மலையனூர்னு சொன்னேன். திண்டிவனம் போறதுக்குள்ள மனசு கேக்கல. நானே வேணாம்னு சொல்லிட்டு அவன் வூட்டு வாசல்ல போயி எப்படி நிக்கறது? அவன் பொண்டாட்டி இன்னா நெனைப்பா? எறங்கிட்டேன்."

அவள் இரண்டு கல்லை எடுத்துத் தரையில் வைத்தாள்.

"எறங்கிட்டு சும்மா திரும்பி வரல. மில் மொதலாளி வூடு அங்கதானே இருக்குது. மில்லும் அவருது, பஸ்ஸும் அவருது. வாசல்ல நின்னேன். அவரு சாப்டுட்டு வர்ற வரைக்கும் நின்னேன். தம்பிக்கு ஒரு வேலை குடுங்கன்னு கேட்டேன். அவனுக்கு இன்னா தெரியும்னாரு. நான் இன்னா சொல்றது? சத்தமா பேசுவான்னேன்."

ஆதிமூலத்துக்குக் காதெல்லாம் சூடானது. முதலாளி தன் பேச்சை எங்கேயோ கேட்டு மயங்கி ஆள் அனுப்பினார் என்றுதான் அவன் இத்தனை வருஷமும் நினைத்திருந்தான். மேடைக்கு மேடை சொல்லியும் இருந்தான். அக்காவின் காதிலும் அது எத்தனையோ தடவை விழுந்திருக்கும். அவள் ஒரு தடவைகூட மறுத்ததில்லை. அந்த வேலையில் சேர்ந்து, அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டுதான் ராஜாங்கம் சொன்னதை அவன் கேட்டான். கேட்டு, அக்காவைப் பற்றி அவனே ஒரு கதை கட்டிக்கொண்டான். இப்போது தரை பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்றிருந்தது.

"அப்ப நீ அவருக்காகப் போகலியாக்கா?"

"பட்டுப் பொடவை கட்டிக்கிட்டுதான் போனேன்" என்றாள் அவள். "அவன் கண்ணு முன்னால அழுக்குப் பொடவையோட நிக்க எனக்கு மனசில்ல. அதுவும் நெசந்தான். அழுதேன், அதுவும் நெசந்தான். திரும்பி வரும்போது உனக்கு வேலை கெடைச்சிடுச்சின்னு வழியெல்லாம் சந்தோஷமா வந்தேன். இதுல எதை எடுத்துக்கிட்டுப் போயி நெறைவு, கசப்புன்னு சீட்டு எழுதுவ?"

ஆதிமூலத்தின் கண்ணில் தண்ணீர் முட்டியது. துடைத்துக்கொள்ளவும் கூச்சமாக இருந்தது. "ஏன்க்கா இதை என்கிட்ட சொல்லல?"

கமலாம்பாள் முறத்தைக் கீழே வைத்தாள். அத்தனை நாளில் முதல் தடவையாக அவள் குரல் உயர்ந்தது.

"நான் ஏன் சொல்லலியா? மொதலாளி தானா கூப்புட்டாருன்னு நீ தெருவெல்லாம் குதிச்சிக்கிட்டு வந்த. அதைப் போயி நான் கெடுக்கணுமா? சரி, நான் சொல்லல. நீ ஏன்டா கேக்கல? நான் பாண்டிக்குப் போனது உனக்குத் தெரியும். அழுதது தெரியும். பத்து வருஷமா ஒரே வூட்டுல என் கையால சாப்டுற. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, எதுக்குக்கா போனன்னு கேட்டியா? ஓடக்கரையில நின்னவ எதுக்குச் சிரிச்சான்னு ஊரூரா போயி கத்திக்கிட்டு இருக்கற. அவளைக் கேக்க முடியாது, அவ பாட்டுல இருக்குறா. நான் இங்கதானடா இருந்தேன்."